ஓவர்க்ளாக் போட்ட பிசி நிக்க மாட்டேங்குதா? கோளாறு எங்கன்னு படிப்படியா கண்டுபிடிக்கிற முழு வழிகாட்டி

ஓவர்க்ளாக் பண்ண, அதாவது கம்பெனி வச்ச ஸ்பீடுக்கு மேல ஓட விட்ட பிசி க்ராஷ் ஆச்சுன்னா புதுசா இறங்குறவங்க உடனே பண்றது வீகோர் (சிபியு கோருக்குப் போற) வோல்டேஜ ஏத்துறதுதான், அதுக்கும் நிக்கலன்னா இன்னும் கொஞ்சம் ஏத்துவாங்க, சூடு ஏறும், அந்தச் சூட்டுலயே மறுபடி க்ராஷ் ஆகும், கடைசில சிப்பே சரியில்லன்னு முடிவு பண்ணி எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுவாங்க. ஆனா நெறைய தடவ கோளாறு கோர்லயே இருக்காது. ரேமோட எக்ஸ்எம்பி ப்ரொஃபைல்ல (ரேம வேகமா ஓட்டுற ரெடிமேட் செட்டிங்) இருக்கும், இல்ல ரிங் ரேஷியோல (சிபியுக்குள்ள கோருங்கள இணைக்கிற ரிங்கோட ஸ்பீடு), இல்ல கூலர் சரியா உக்காராததுல.

அதனால எந்தப் பகுதி தடுமாறுதுன்னு மொதல்ல பிரிச்சுக் கண்டுபிடிங்க, அப்புறம் அந்தப் பகுதியோட செட்டிங்க மட்டும் தொடுங்க. ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான். ரெண்டு மாத்தி சரியாச்சுன்னா எதனால சரியாச்சுன்னே தெரியாது, அடுத்த தடவ மறுபடி மொதல்ல இருந்து தேடணும்.

1. தொடங்குறதுக்கு முன்னாடி எடுத்து வச்சுக்க வேண்டியது

முக்கியமான ஃபைல் எல்லாத்தையும் வேற ட்ரைவ்ல காப்பி எடுத்துடுங்க. ஸ்டேபிளா இல்லாத ரேமும் கோரும் நீல ஸ்க்ரீன் மட்டும் தராது, ஃபைல் எழுதும்போது சத்தமே இல்லாம தப்பா எழுதி வைக்கும். இதே காரணத்துக்காக டெஸ்ட் நடக்குற காலத்துல விண்டோஸ் அப்டேட், பெரிய இன்ஸ்டால் எதுவும் வேண்டாம். பயாஸ (போர்டோட அடிப்படை செட்டிங் சாஃப்ட்வேர்) ஃப்ளாஷ் பண்ணணும்னா, அதாவது புது வெர்ஷன் ஏத்தணும்னா, எல்லாத்தையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்துட்டு மட்டும் பண்ணுங்க.

விண்டோஸ்ல ட்ரைவ பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா ரெகவரி கீய ஃபோன்லயோ பேப்பர்லயோ எடுத்து வச்சுக்கோங்க. பயாஸ் அப்டேட் பண்ணாலோ டிபிஎம் (அந்தக் கீய பாதுகாக்குற செக்யூரிட்டி சிப்) சம்பந்தப்பட்ட செட்டிங் மாறினாலோ அடுத்த பூட்ல அது கீ கேக்கும், கீ இல்லன்னா டேட்டா போச்சு.

பயாஸ்ல இப்ப இருக்குற எல்லாப் பக்கத்தையும் ஃபோன்ல ஃபோட்டோ எடுங்க. இதுல புது ஆளுங்க விட்டுடுற ஒண்ணு ஸ்டோரேஜ் மோட், அதாவது ஏஎச்சிஐயா, ரெய்டா, விஎம்டியா அப்படிங்கறது. சிமாஸ் க்ளியர் பண்ணா, அதாவது பயாஸ் செட்டிங் எல்லாத்தையும் அழிச்சா, இது டீஃபால்ட்டுக்குப் போயிடலாம், அப்ப விண்டோஸ் பூட் ட்ரைவே கிடைக்கலன்னு நீல ஸ்க்ரீன் காட்டும், ஓவர்க்ளாக்கால விண்டோஸ் செத்துப்போச்சுன்னு நெனச்சு நல்லா இருந்த ட்ரைவ ஃபார்மட் அடிச்சவங்க உண்டு. பழைய மோட திருப்பி வச்சா போதும், பூட் ஆயிடும்.

போர்டு மேனுவல்ல சிமாஸ் க்ளியர் ஜம்பர் (ஷார்ட் பண்ற குட்டி பின்) எங்க இருக்குன்னு இப்பவே பாத்து வச்சுக்கோங்க, ஸ்க்ரீன் வராதப்ப தேடிட்டு இருக்க முடியாது.

ஹார்ட்வேர் ஒத்துவருமான்னும் ஒரு தடவ சரிபாருங்க. இன்டெல்ல கோர் மல்டிப்ளையர (அடிப்படை க்ளாக்க எத்தனை மடங்கு ஆக்கணுங்கற எண்) ஏத்த கே சீரிஸ் சிப்பும் இசட் சிப்செட் போர்டும் வேணும். ஏஎம்டில ரைசன் பெரும்பாலும் லாக் இல்லாம வரும், ஆனா ஏ சிப்செட் போர்டுல ஏத்த முடியாது, 5800 எக்ஸ்3டி மாதிரி சிப்புல மல்டிப்ளையரே லாக்தான்.

சாஃப்ட்வேர் பக்கம், எல்லா சென்சாரையும் காட்ட எச்டபிள்யூஇன்ஃபோ, லோடு குடுக்க பிரைம்95ம் ஓசிசிடியும், ரேமுக்கு பென்டிரைவ்ல மெம்டெஸ்ட்86, ஸ்கோர் பாக்க சினிபெஞ்ச். ரைசன் மாஸ்டர், இன்டெல் எக்ஸ்டியூ, போர்டு கம்பெனி குடுக்குற ட்யூனிங் டூல் இதுல எதையும் பின்னாடி ஓட விடாதீங்க, பயாஸ்ல நீங்க வச்சத விண்டோஸ் உள்ள வந்ததும் அது மாத்திடும், அப்புறம் எந்த செட்டிங்க டெஸ்ட் பண்றோம்னே தெரியாது.

கடைசியா, சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்ல ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி போய் தானா ரீஸ்டார்ட் ஆகுற டிக்க எடுத்துடுங்க. நீல ஸ்க்ரீன் கோட படிக்கிறதுக்குள்ள மறைஞ்சுட்டா பாதித் துப்பு போயிடும்.

2. ஸ்க்ரீனே வரலன்னா

மொதல்ல பொறுமையா இருங்க. டிடிஆர்5 போர்டுல, குறிப்பா ஏஎம்டியோட ஏஎம்5 சாக்கெட்ல, ரேம் செட்டிங் மாத்தினா மெமரி ட்ரெயினிங் (ரேமுக்கு ஒத்துவர்ற செட்டிங்க போர்டே தேடுறது) ஓடும், சில நிமிஷம் கூட ஸ்க்ரீன் கருப்பாவே இருக்கலாம். நடுவுல பவர ஆஃப் பண்ணா மறுபடி மொதல்ல இருந்து ஓடும்.

நல்லா காத்திருந்தும் வரலன்னா போர்டுல இருக்குற டீபக் லைட்ட பாருங்க. சிபியு, டிராம், விஜிஏ, பூட்னு நாலு குட்டி லைட் இருக்கும். டிராம்ல நின்னுச்சுன்னா ரேம் ஸ்பீடோ டைமிங்கோ அதிகம், சிபியுல நின்னுச்சுன்னா மல்டிப்ளையர், வோல்டேஜ் பக்கம் போங்க.

சிமாஸ் க்ளியர் பண்றப்ப வால் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு, பவர் பட்டன சில செகண்ட் அமுக்கிப் பிடிச்சு மிச்ச கரண்ட்ட இறக்கிட்டு அப்புறம் ஜம்பர ஷார்ட் பண்ணுங்க. இந்த ஒரு வேலைய விட்டுட்டுத்தான் "க்ளியர் பண்ணியும் வரல"ங்கறாங்க.

3. ஸ்டாக்ல (எதையும் ஏத்தாத ஒரிஜினல் செட்டிங்ல) க்ராஷ் ஆகாம நிக்குதான்னு பாருங்க

இத யாருமே பண்றதில்ல, ஆனா நேரத்த அதிகம் மிச்சம் பண்ற படி இதுதான். பயாஸ்ல டீஃபால்ட் லோடு பண்ணுங்க, எக்ஸ்எம்பியோ ஏஎம்டில அதே மாதிரி வர்ற எக்ஸ்போவோ அதையும் ஆஃப் பண்ணுங்க, கிராபிக்ஸ் கார்டுல ஏதாவது ஓவர்க்ளாக், அண்டர்வோல்ட் (வோல்டேஜ கொறைக்கிறது) போட்டிருந்தா அதையும் எடுங்க. எக்ஸ்எம்பிய ஓவர்க்ளாக்காவே பல பேரு எண்ணுறதில்ல. டிடிஆர்4ல 3200க்கு மேல எல்லாமே ஸ்டாண்டர்டுக்கு வெளிய, மெமரி கன்ட்ரோலர் சிபியுக்குள்ளதான் இருக்கு, அதனால அதுவும் சிபியு ஓவர்க்ளாக்தான்.

இன்னொண்ணு, சில போர்டுல டீஃபால்ட்டே ஸ்டாக் இல்ல. மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட்னு (எல்லாக் கோரையும் உச்ச ஸ்பீடுல ஓட்டுறது) ஒண்ணு ஆட்டோல ஆன் ஆகியிருக்கும், பவர் லிமிட் திறந்தே இருக்கும். இன்டெல்னா இன்டெல் குடுத்த டீஃபால்ட் ப்ரொஃபைல தேர்ந்தெடுங்க, ஏஎம்டின்னா பிபிஓவ (ஏஎம்டியோட ஆட்டோ ஓவர்க்ளாக்) டிசேபிள்னு வையுங்க, ஆட்டோல விடாதீங்க.

இப்ப டெஸ்ட் ஓட விட்டு, ஸ்கோரு, உச்ச சூடு, லோடுல வர்ற வோல்டேஜ் மூணையும் எழுதி வச்சுக்கோங்க. பின்னாடி ஒவ்வொரு மாத்தத்தையும் இதோடதான் ஒப்பிடப் போறீங்க.

ஸ்டாக்லயே க்ராஷ் ஆச்சுன்னா ஓவர்க்ளாக் பேச்சே இப்ப வேண்டாம். இன்டெல் 13, 14வது தலைமுறை டெஸ்க்டாப் சிப்புல இது ரொம்ப முக்கியம். வோல்டேஜ் அதிகமாப் போயி சிப்பே நாளடைவுல பலவீனமாகுற பிரச்சினைய இன்டெல்லே 2024ல ஒத்துக்கிட்டு, ஆகஸ்ட்ல இருந்து அடுத்தடுத்து மைக்ரோகோட் (பயாஸோட வர்ற சிப் திருத்தம்) குடுத்துச்சு, வாரன்ட்டியையும் 2 வருஷம் கூட்டுச்சு. புது பயாஸ் போட்டா இனிமே தேயாம பாத்துக்கும், ஏற்கனவே தேஞ்ச சிப்ப அது சரிபண்ணாது. கேம் தொடங்குறப்ப ஷேடர் கம்பைல் (கிராபிக்ஸ் கோட தயார் பண்றது) ஓடும்போது விழுறது, வீடியோ மெமரி தாராளமா இருந்தும் வீடியோ மெமரி பத்தலன்னு எரர் வர்றது, இன்ஸ்டாலர் ஃபைல் பிரிக்கும்போது கெட்டுப்போன ஃபைல்னு சொல்றது, இதெல்லாம் இந்தக் கேஸோட அடையாளம். ஸ்டாக்ல இப்படி வந்தா வாரன்ட்டிக்குப் போங்க, அதுக்கு மேல வோல்டேஜ் ஏத்திப் பாக்காதீங்க.

4. க்ராஷ் என்ன சொல்லுதுன்னு படிங்க

ஸ்டாக் நின்னுச்சு, ஓவர்க்ளாக்ல விழுதுன்னா விண்டோஸ்ல ஈவென்ட் வியூவரத் திறந்து சிஸ்டம் லாக்ல டபிள்யூஎச்இஏ லாகர்னு (ஹார்ட்வேர் எரர விண்டோஸ் பதிவு பண்ற பேரு) வர்றதத் தேடுங்க. நம்பர் 18னா சரிபண்ண முடியாத ஹார்ட்வேர் எரர், அதோட சிஸ்டம் விழுந்திருக்கும். நம்பர் 19னா எரர் வந்து ஹார்ட்வேரே சமாளிச்சுக்கிச்சு. 19 வந்தா பிசி ஓடிட்டேதான் இருக்கும், அதனால யாரும் கவனிக்க மாட்டாங்க, ஆனா அது வருதுன்னா ஓரத்துல நிக்கிறீங்கன்னு அர்த்தம். எச்டபிள்யூஇன்ஃபோலயும் கீழ டபிள்யூஎச்இஏ எண்ணிக்கைன்னு ஒரு வரி இருக்கும், டெஸ்ட் முடியிற வரைக்கும் அது பூஜ்யமாவே இருக்கணும்.

அந்த ஈவென்ட்டுக்குள்ள ரெண்டு விஷயம் பாருங்க. எரர் டைப் கேஷ் ஹையரார்க்கின்னு இருந்தா கோர் அல்லது ரிங் பக்கம் சந்தேகம் போகணும். ரைசன்ல பஸ் இன்டர்கனெக்ட்னு இருந்தா இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கோட (சிப்போட பகுதிங்கள இணைக்கிற பாதை) ஸ்பீடு, அதாவது எஃப்க்ளாக், அதிகம். ரெண்டாவது, ப்ராசசர் ஏபிக் ஐடின்னு ஒரு நம்பர். உதாரணத்துக்கு 8 கோர் 16 த்ரெட் ரைசன்ல ஐடி 9னு இருக்குன்னா, ஒவ்வொரு கோருக்கும் ரெண்டு த்ரெட், 0வும் 1ம் கோர் 0, 2வும் 3ம் கோர் 1, இப்படியே போனா 8ம் 9ம் கோர் 4. அந்த ஒரே கோர்தான் தடுமாறுது, மத்த ஏழையும் தொட வேண்டியதில்ல. ரெண்டு சிப்லெட் (கோருங்க இருக்குற தனித்தனி துண்டு) இருக்குற ரைசன்ல நடுவுல நம்பர் தாண்டிப் போகலாம், அங்க இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது.

நீல ஸ்க்ரீன் பேரும் துப்பு குடுக்கும். வாட்ச்டாக் டைம்அவுட்னு வந்தா பெரும்பாலும் ஏதோ ஒரு கோர் பதிலே சொல்லல, கோர் வோல்டேஜ் பத்தல. அன்கரெக்டபிள்னு வந்தா மேல சொன்ன லாக்குக்குப் போங்க. மெமரி மேனேஜ்மென்ட்னு வந்தா, இல்ல ஒவ்வொரு தடவையும் வேற வேற பேரா வந்தா, ரேம மொதல்ல சந்தேகப்படுங்க.

நீல ஸ்க்ரீன் எதுவுமே இல்லாம பட்டுனு மொத்தமா பவரே போயிடுச்சுன்னா பவர் சப்ளையோட பாதுகாப்பு வேலை செஞ்சிருக்கலாம், இல்ல சிபியு பவர் கனெக்டர் சரியா மாட்டாம இருக்கலாம். கெர்னல் பவர் 41ங்கற எரரப் பாத்துட்டு பவர் சப்ளை போச்சுன்னு புதுசு வாங்கிடாதீங்க. போன தடவ ஒழுங்கா ஷட்டவுன் ஆகலன்னு மட்டும்தான் அது சொல்லுது, காரணத்த சொல்லல.

5. ரேம தனியாப் பிரிங்க

கோர் எல்லாத்தையும் ஸ்டாக்ல வச்சுட்டு எக்ஸ்எம்பிய மட்டும் ஆன் பண்ணுங்க. ரேம் சரின்னு உறுதியாகாம கோர ட்யூன் பண்ணா, ரேம் போடுற எரருக்கு நீங்க வீகோர ஏத்திட்டு இருப்பீங்க, அதனாலதான் இந்தப் படி கோருக்கு முன்னாடி வருது.

மெம்டெஸ்ட்86 நாலு பாஸ் ஓட விடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான், ஒண்ணுதானேன்னு விடக்கூடாது. அதுல பாஸ் ஆனப்புறம் விண்டோஸ்ல பிரைம்95ல லார்ஜ் எஃப்எஃப்டிங்கற டெஸ்ட ஓட விடுங்க, மெம்டெஸ்ட் தராத சூட்டையும் கன்ட்ரோலர் லோடையும் இது தரும்.

எரர் வந்தா ஸ்பீட ஒரு படி இறக்குங்க. அதுல நின்னுச்சுன்னா பிரச்சினை கன்ட்ரோலர், போர்டு, இல்ல ரேமோட எல்லை. நாலு ஸ்டிக் போட்டிருந்தா ரெண்டு எடுத்துட்டுப் பாருங்க, நாலு ஸ்டிக்க அதே ஸ்பீடுல ஓட்டுறது கன்ட்ரோலருக்குக் கஷ்டம், ரெண்டு தனித்தனி கிட்ட வாங்கிச் சேத்திருந்தா இன்னும் கஷ்டம். ரைசன் 3000, 5000ல எஃப்க்ளாக் 1800 வரைக்கும், அதாவது டிடிஆர்4 3600க்கு, பெரும்பாலும் பிரச்சினை இருக்காது, 1900க்கு மேல நெறைய சிப்பு நிக்காது.

ரைசன் 7000ல எஸ்ஓசி வோல்டேஜ (மெமரி கன்ட்ரோலர் பக்கம் போறது) 1.3 வோல்ட்டுக்கு மேல கொண்டுபோக முயற்சி பண்ணாதீங்க. 2023ல எக்ஸ்3டி சிப்புங்க கருகினதுக்கு அப்புறம்தான் ஏஎம்டி அந்த எல்லைய வச்சுது. ரொம்பப் பழைய பயாஸ்ல அந்தத் தடை இருக்காது, அதனால மொதல்ல அப்டேட்.

6. கோர் மல்டிப்ளையர், வோல்டேஜ், எல்எல்சி

பிசிஎல்கே, அதாவது அடிப்படை க்ளாக், 100லயே இருக்கட்டும், அத ஏத்தினா பல போர்டுல மத்த பஸ்ஸுங்களும் சேந்து ஏறும், ட்ரைவ் காணாமப்போற வரைக்கும் போகும். ரிங் ரேஷியோவ ஸ்டாக்ல வையுங்க, கோர் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்.

மல்டிப்ளையர ஒவ்வொரு படியா ஏத்துங்க, ஒவ்வொண்ணுக்கும் பிரைம்95 ஸ்மால் எஃப்எஃப்டி கொஞ்ச நேரம். ஃபெயில் ஆகும்போது சிஸ்டம் விழணும்னு இல்ல. விண்டோல ஒரு வொர்க்கர் மட்டும், ரவுண்டிங் 0.5 வந்துச்சு, 0.4க்குக் கீழ இருக்கணும்னு ஒரு வரி எழுதிட்டு நின்னுடும், மத்ததெல்லாம் ஓடிட்டே இருக்கும். திரும்பி வந்து பாக்குறவங்க பிசி ஓடுதுன்னு சந்தோஷப்படுவாங்க. ஒவ்வொரு வொர்க்கரும் இன்னும் ஓடுதான்னு பாருங்க, நின்னதோட நம்பரையும் குறிச்சுக்கோங்க, எப்பவும் அதே நம்பர்னா அதே கோர்.

இப்பதான் வோல்டேஜ். சின்னச் சின்னதா, 0.01லிருந்து 0.02 வோல்ட் வரைக்கும் ஏத்துங்க. எச்டபிள்யூஇன்ஃபோல விஐடிங்கறத பாத்து ஏமாறாதீங்க, அது சிப்பு கேக்குற வோல்டேஜ், உண்மையில போறது வீகோர் அல்லது விஆர் விஅவுட் வரில இருக்கும். பயாஸ்ல 1.30 வச்சு லோடுல 1.22 காட்டுனா அதுதான் வீட்ரூப், அது கோளாறு இல்ல, வேணும்னே அப்படி வச்சிருக்காங்க.

லோடு வந்த உடனே விழுது, வோல்டேஜ் ரொம்ப இறங்குதுன்னா எல்எல்சிய (லோடுல வோல்டேஜ் இறங்குறத ஈடுகட்டுற செட்டிங்) நடு லெவலுக்கு ஏத்துங்க. உச்ச லெவலுக்குப் போகாதீங்க. லோடு திடீர்னு விலகுற நொடில வோல்டேஜ் நீங்க வச்சதுக்கு மேல துள்ளும், சாதா சென்சார் அத காட்டவும் காட்டாது. லெவல் நம்பர் போர்டுக்குப் போர்டு தலைகீழ்ங்கறதையும் மறக்காதீங்க. ஏசஸ்ல பெரிய நம்பர்தான் கடுமையானது, எம்எஸ்ஐலயும் ஏஎஸ்ராக்லயும் 1தான் கடுமையானது. வேற போர்டு வச்சிருக்குறவரு சொன்ன நம்பர அப்படியே போட்டு மாட்டிக்கிறவங்க ஏராளம்.

சூட்ட எப்பவும் கண்ல வையுங்க. இன்டெல்ல பெரும்பாலும் 100 டிகிரில தன்ன கொறச்சுக்கும், ரைசன் 7000 95ல, அதோட எக்ஸ்3டி வகை 89ல. டெஸ்ட் தொடங்கின சில நொடிலயே எல்லைக்கு எகிறுனா வோல்டேஜ விட்டுட்டு கூலரப் பாருங்க: பேஸ்ட், அடில ஒட்டியிருக்குற பிளாஸ்டிக் ஷீட்ட உரிச்சாச்சா, ஸ்க்ரூ ரெண்டு பக்கமும் சமமா இறுகியிருக்கா, பம்ப் சுத்துதா. எந்த செட்டிங்கும் இத சரிபண்ணாது.

ஏவிஎக்ஸ் (கனமான கணக்கு வேலைக்கான கட்டளைங்க) லோடுல மட்டும் விழுது, மத்ததெல்லாம் நல்லா ஓடுதுன்னா இன்டெல்ல ஏவிஎக்ஸ் ஆஃப்செட் (அந்த லோடுல மட்டும் மல்டிப்ளையர கொறைக்கிறது) இருந்தா 1 இல்ல 2 வையுங்க. அந்த ஒரு வகை வேலைக்காக மொத்த சிப்புக்கும் வோல்டேஜ் ஏத்துறது வீண் சூடு.

7. சும்மா இருக்கும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகுதுன்னா

சினிபெஞ்ச் மணிக்கணக்கா ஓடும், ஸ்மால் எஃப்எஃப்டி ராத்திரி முழுக்க ஓடும், ப்ரௌசர்ல ஒரு பக்கத்தத் திறந்து வச்சுட்டு எழுந்து போனா திரும்பி வர்றப்ப லாகின் ஸ்க்ரீன் நிக்கும். ரைசன்ல கர்வ் ஆப்டிமைசர் (ஒவ்வொரு கோருக்கும் வோல்டேஜ கொறைக்கிற செட்டிங்) போட்டவங்க அதிகம் கேக்குற பிரச்சினை இதுதான், எல்லாரும் ஹெவி லோடுலயே தேடிட்டு இருப்பாங்க.

எல்லாக் கோரும் சேந்து ஓடும்போது க்ளாக் கீழதான் இருக்கும். ஒரே ஒரு கோருக்கு மட்டும் லேசான வேலை வரும்போதுதான் அது உச்ச க்ளாக்குக்குத் தாவும், அங்கதான் நீங்க கொறச்ச வோல்டேஜ் பத்தாமப் போகுது. கர்வ் ஆப்டிமைசர்ல ஒரு எண்ணுக்கு ஏறக்குறைய 3லிருந்து 5 மில்லிவோல்ட், மைனஸ் 30ன்னா கணக்குப் போட்டுப் பாருங்க, கொறஞ்சது 90 மில்லிவோல்ட்.

எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 போட்டுட்டு ஆரம்பிக்காதீங்க. கோர்சைக்ளர்ங்கற ஸ்க்ரிப்ட் ஒவ்வொரு கோரா எடுத்து தனியா லோடு குடுக்கும், எந்தக் கோர்ல எரர்னும் சொல்லும். மைனஸ் 10ல தொடங்கி, ஃபெயில் ஆகுற கோர மட்டும் 3 இல்ல 5 எண் பூஜ்யத்துப் பக்கம் கொண்டுவாங்க. வழக்கமா சிப்போட சிறந்த கோர்னு குறிச்சிருக்குற ரெண்டுதான் மொதல்ல விழும், ஏன்னா உச்ச க்ளாக்குக்கு அதத்தான் அதிகம் ஓட விடுது, ஏற்கனவே அதுக்கு வோல்டேஜும் இறுக்கமா இருக்கும்.

இதே ரைசன்ல லேசான வேலைல 1.4 வோல்ட்டுக்கு மேல காட்டுனா பயப்பட வேண்டாம், ஆட்டோ பூஸ்ட்ல அது இயல்பு. அந்த நம்பரப் பாத்துட்டு 1.4 தாங்கும்போலன்னு எல்லாக் கோருக்கும் மேனுவலா நிலையா வைக்கிறதுதான் ஆபத்து, ஹெவி லோடுல அந்த வோல்டேஜோட போற கரண்ட் சிப்ப தேய்க்கும்.

8. க்ராஷ் இல்ல, ஆனா ஸ்கோரு ஏறவே இல்ல

எச்டபிள்யூஇன்ஃபோல எஃபெக்டிவ் க்ளாக்குன்னு தனியா ஒரு பகுதி இருக்கு. முழு லோடுல மேல 4.7 கிகாஹெர்ட்ஸ்னு காட்டி எஃபெக்டிவ்ல 4.4தான் இருக்குன்னா க்ளாக் ஸ்ட்ரெச்சிங். வோல்டேஜ் பத்தாம சிப்பு விழாம இருக்க தன்னையே இழுத்துப் பிடிச்சுக்குது. அண்டர்வோல்ட் கொஞ்சம் கொறைங்க, ஸ்கோரு ஏறும். ஐடில்ல எஃபெக்டிவ் கீழ இருக்குறது சாதாரணம், கோர் தூங்குது, அத ஒப்பிடாதீங்க.

இன்டெல்ல பவர் லிமிட், தெர்மல் த்ராட்லிங் (சூட்டால சிப்பு தன்ன கொறச்சுக்கிறது) வரில எஸ்னு வருதான்னு பாருங்க. சிபியு சூடு கொறச்சலா இருந்தும் க்ளாக் தடால்னு விழுந்து மறுபடி ஏறுதுன்னா விஆர்எம் (சிபியுக்கு வோல்டேஜ் குடுக்குற போர்டு பகுதி) சூட்டப் பாருங்க. சிபியுவச் சுத்தி இருக்குற ஹீட்சிங்க் மேல காத்து போகலன்னா, குறிப்பா வாட்டர் கூலர் போட்ட கேஸ்ல, இது வரும், ஒரு ஃபேன அந்தப் பக்கம் திருப்பினாலே சரியாகலாம்.

9. நிக்குதுன்னு எப்ப சொல்லலாம்

ஒரே டெஸ்ட்ட நம்பாதீங்க. ஸ்மால் எஃப்எஃப்டி கோருக்கு, லார்ஜ் ரேமுக்கு, கோர்சைக்ளர் ஒத்தக் கோருக்கு, அப்புறம் ஓசிசிடியோட லோடு ஏறி எறங்குற மோட், ஏன்னா கேம்ல லோடு ஒரே சீரா இருக்காது. இது எல்லாம் தாண்டினப்புறம் கோர், ரேம், கிராபிக்ஸ் மூணையும் சேத்து ஓட விடுங்க, கேஸுக்குள்ள சேந்து ஏறுற சூட்டுல தனியா பாஸ் ஆன ரேம் இங்க விழலாம்.

அப்புறம் பிசிய முழுசா ஆஃப் பண்ணி ஆறவிட்டு கோல்டு பூட் பண்ணிப் பாருங்க, ஸ்லீப் போட்டு எழுப்பிப் பாருங்க. ரீஸ்டார்ட்ல ஒழுங்கா ட்ரெயின் ஆகுற ரேம் கோல்டு பூட்ல தடுமாறுறது உண்டு.

இவ்வளவு க்ராஷ் ஆன விண்டோஸ்ல ஃபைல் ஏதாவது கெட்டிருக்கும், அதனால சிஸ்டம் ஃபைல் செக்கரையும் டிஸ்க் செக்கையும் ஒரு தடவ ஓட்டிடுங்க, இல்லன்னா பழைய சேதத்தால வர்ற எரருக்கு இப்ப சரியா இருக்குற செட்டிங்க மறுபடி நோண்டுவீங்க. கடைசியா பயாஸ் ப்ரொஃபைல சேவ் பண்ணி பென்டிரைவ்லயும் எடுத்துக்கோங்க, ஆனா அத மட்டும் நம்பி இருக்காதீங்க: பயாஸ் வெர்ஷன் மாறினா பழைய ப்ரொஃபைல பல போர்டு ஏத்துக்காது, மல்டிப்ளையர், வோல்டேஜ், எல்எல்சி, ஒவ்வொரு கோரோட கர்வ் நம்பர் எல்லாத்தையும் கையால எழுதியும் வச்சுக்கோங்க.